பம்புக்குள் மார்கழி

மார்கழிக் காலையில் மகளுக்குத் தலையில் எண்ணெய் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம். உறைந்ததை அப்படியே தேய்த்தால் சளி பிடிக்குமோ, சுடவைத்தால் கெட்டுவிடுமோ என்று குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அப்போது அப்பாவின் பம்பு நினைவுக்கு வரும். கொஞ்சம் தைரியமும் வரும்.

கல்ஃபில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த அப்பா, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஊர் ஆரியங்கோட்டுக்குத் திரும்பி வந்து, வீட்டின் பின்பக்கம் ஷெட் போட்டார். ரப்பர் மரத்தில் கத்திப்பிடி செய்வது திட்டம். வெறும் ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்கும். மழையில் அது ஊதிப்போகும். அதனால் மரத்துண்டுகளை ரெசின் என்கிற பிசின் திரவத்தில் முக்கிவைத்து, பாத்திரத்தைக் கண்ணாடி மூடியால் இறுக்கி, பம்பால் காற்றை உறிஞ்சுவார். மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். பம்பை நிறுத்தினால் அந்த இடத்தில் ரெசின் ஏறும். அதை ஓவனில் சூடாக்கினால் மரம் கல்லாகும். தண்ணீரில் போட்டால் முங்க வேண்டும். அதுதான் பரீட்சை.

அதுவரை போட்டதெல்லாம் மிதந்தது.

"அண்ணா, இது கத்திப்பிடியா, வள்ளமா?" என்று சித்தப்பா சிரித்தார். சிரித்ததோடு நில்லாமல் விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். இந்தத் தடவையும் மிதந்தால் மறுபடி கல்ஃபுக்கே போய்விடுவதாக அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா அப்பாவின் சட்டைகளைத் தேய்த்து மடித்தாள். சிப்ஸும் ஊறுகாயும் வைத்த அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டினாள். எனக்கு வருத்தமே இல்லை. வீட்டில் கல்ஃப் மிட்டாய் தீர்ந்திருந்தது.

பம்பின் எண்ணெய் கறுத்துப்போனதுதான் குற்றம் என்று அப்பா கண்டுபிடித்தார். பழையதை வடித்துக் கழுவினார். புது எண்ணெய் பாறசாலையிலும் கிடைக்கவில்லை, நெய்யாற்றின்கரையிலும் கிடைக்கவில்லை. அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து ஊற்றினார். சாயங்காலம் பம்பு அருமையாக ஓடியது.

காலையில் உறுமியது, சுற்றவில்லை. எண்ணெய் தெரியும் சின்னக் கண்ணாடி பால் போல வெளுத்திருந்தது.

"தண்ணி ஏறிட்டு. பம்பு போச்சு," என்று அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் டிக்கெட்டுக்குச் சொல்லிட்டு வாறேன்," என்றார் சித்தப்பா.

எனக்கு எண்ணெய் வைக்க வந்த அம்மா குனிந்து பார்த்தாள். பம்பைப் பார்த்தாள், கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மார்கழி ஆக்கும்!"

அத்தனை வருடம் பாலைவனத்தில் இருந்தவருக்கு, தேங்காயெண்ணெய் உறையும் என்பதே மறந்துபோயிருந்தது.

பம்பையும் என் எண்ணெய்க் குப்பியையும் முற்றத்து வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். குப்பி தெளிந்தது, பம்பும் தெளிந்தது. சுவிட்சைப் போட்டதும் கண்ணாடி மூடிக்குக் கீழே சோடா போலக் குமிழ்கள் பொங்கின.

மறுநாள் ஓவனிலிருந்து எடுத்த துண்டு ஆறியதும், அப்பா அதை வாளியில் போட்டார். 'டொக்' என்று அடியில் போய் இடித்தது.

"முங்கிட்டு மக்கா, முங்கிட்டு!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். நம்பாத சித்தப்பா அதை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முங்கியது. கடைசியில் அவரும் கைதட்டினார்.

அம்மா மட்டும் உள்ளே போனாள். பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து ஷெட்டுக்கும் தென்னைக்கும் நடுவே கட்டினாள். தேய்த்து மடித்த சட்டைகளை எல்லாம் மறுபடி துவைத்து அதில் காயப்போட்டாள். அழுக்கே இல்லாத சட்டைகளை ஏன் துவைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கயிறு இல்லாமல் அப்பா மிட்டாய்ப் பெட்டியை எப்படிக் கட்டிக்கொண்டு வருவார் என்பதுதான் அன்று என் கவலை.