மாமா திருப்பி ஏற்றச் சொன்ன ரத்தம்

எண்பதுகளின் நடுவில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவன். நரம்பு முனைகள் கசியவிடும் சிறு புரதத் துண்டுகளுக்கு நியூரோபெப்டைடு என்று பெயர். வலியையும் மிளகாய் எரிச்சலையும் சுமந்துபோகும் அப்படி ஒரு துண்டை, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் பிடித்துக்கொள்கின்றனவா, பிடிப்பதற்கு அவற்றின் மேல் ஏற்பி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அதனாலேயே இதை வீட்டில் எல்லாருக்கும் புரியவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம்.

அம்மாவின் தம்பி, குருவிகுளம் பக்கம் மானாவாரியில் மிளகாய் போட்டிருந்த மாமா, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நரம்பு சொல்லுதது ரத்தத்துக்குக் கேக்குதான்னு பாக்கே. ஏலே மாப்ளே, ஒங்க அத்தை பக்கத்துல நின்னு சொல்லுததே எனக்குக் கேக்கல."

ஆனாலும் அவரைத்தான் நம்பியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, கதிரியக்கம் ஏற்றிய பெப்டைடு நாளுக்கு நாள் வீரியம் இழந்துகொண்டிருந்தது. மிச்சம் ஒரு சோதனைக்குத்தான் காணும். அடுத்த குப்பி வருவதற்குள் என் உதவித்தொகை முடிந்துவிடும். மருந்து மாத்திரை கலக்காத ரத்தம் வேண்டும். விடுதியிலோ ஒரே காய்ச்சல், எல்லாரும் மாத்திரையில் இருந்தார்கள். மாமா தலைவலிக்குக்கூட மாத்திரை தொடாதவர். காலையில் சங்கரன்கோவிலில் ரத்தம் எடுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினால், மத்தியானம் வெள்ளணுக்களைப் பிரித்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கடையில் ஏற்பாடு. தூக்குவாளியில் சுவரொட்டிக் குழம்போடு அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலைத் தின்றால் போன ரத்தம் ஊறிவிடும் என்பது எங்கள் வீட்டு மருத்துவம். மாமா சலவை வேட்டியில் வந்தார். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் எடுத்து முடித்துக் குழாய்களை என்னிடம் கொடுத்தார்.

"எப்படி, நல்ல கெட்டியா இருக்கா?" என்றார் மாமா. "மருமகன் ஆராய்ச்சிக்குக் குடுக்கம்லா. பஸ் எறங்கினதும் கம்பவுண்டர்ட்ட ஒரு சத்து ஊசி போட்டுட்டுத்தான் வாரேன்."

"என்ன ஊசி மாமா?"

"பெரிய ஊசி."

கம்பவுண்டரிடம் ஓடினேன். "ஸ்டீராய்டு எதுவும் உண்டா அண்ணாச்சி?"

"எல்லாம் உண்டு வே. கலவையைச் சொல்லிட்டா, நாளைக்கு நீரே எதுத்தாப்புல கடை போட்டுருவீரு."

திரும்பி வந்து, "இந்த ரத்தம் ஆகாது மாமா" என்றேன்.

"ஆகாதா? எது, எங்க ரத்தமா ஆகாது? வேண்டாம்னா திருப்பி ஏத்துலே!"

கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "இங்கன எடுக்கது மட்டுந்தான் அண்ணாச்சி. ஏத்தணும்னா பாளையங்கோட்டை போணும்."

வெளியே மதுரை பஸ் ஹாரன் அடித்தது. அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "ஏலே, ஆம்பளை ரத்தம்னாத்தான் ஒன் மிஷின் வாங்குமா?"

"அப்படியில்லம்மா. மருந்து தின்னாத ஆளா இருந்தாப் போதும்."

"அப்ப நான் என்ன மருந்து தின்னேன்? ஒன்னப் பெத்தப்பக் குடிச்ச கசாயந்தான் கடேசி."

அவள் கையை நீட்டி, ஊசி இறங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறையில் சுவரைப் பார்த்த மாமா இந்த முறை ஊசியைப் பார்த்துவிட்டார். அப்படியே பெஞ்சில் சாய்ந்தார். துண்டில் சுற்றிய குழாய்களோடு நான் பஸ்ஸுக்கு ஓடும்போது, அம்மா ஒரு கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு மறு கையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அதுவரை மங்கலாக வந்துகொண்டிருந்த முடிவு அன்றைக்குத் தெளிவாக வந்தது. ஏற்பி இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்: "நரம்பு சொல்றது ஒன் ரத்தத்துக்குக் கேக்குதும்மா."

"அக்காவுக்குக் கேக்கும்" என்றார் அங்கே இருந்த மாமா. "நாலு வீடு தள்ளிப் பேசுததே கேக்கும்."

"ரத்தம் குடுத்தவ நானு, சுவரொட்டி பூரா தின்னவன் இவன்" என்றாள் அம்மா.

மாமாவுக்கு அது கேட்கவில்லை.