புளி போட்டு மினுக்கிய பாம்பு வளையல்

போன வைகாசியில் மெல்பேர்ண் கிளென் வேவர்லியிலிருந்து சிட்னி ஹோம்புஷுக்குக் காரில் போனதற்குக் காரணம் ஒரு வளையல். பக்கத்து வீட்டு எமில் மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக்காரர். ஹோம்புஷில் இருக்கும் அவருடைய தங்கை கிளாரிஸுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இம்முறை காலமான தாயின் வெண்கல வளையலைப் போட்டுக்கொண்டே பெறுவேன் என்று நின்றாள். தன்னிடமிருந்த அதைத் தபாலில் அனுப்ப எமிலுக்குப் பயம், லீவும் இல்லை. என்னைப் போலக் கார் ஓடக்கூடியவன் மெல்பேர்ணில் வேறு யார்?

மலைப்பாம்பு சுற்றிய வடிவம். நூறு வயது என்றார் எமில். என் கணக்கில் முந்நூறு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கிவிட்டு வெண்கலம் ஊற்றியது. நம் கோயில் சிலை வார்க்கும் அதே முறை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், பார்த்தவுடனே சொல்லிவிட்டேன். ஆனால் கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு. குசினியில் புளி போட்டுத் தேய்த்தேன்.

"தந்தபடி கொண்டுபோய்க் குடுங்கோவன். உங்களை ஆர் மினுக்கச் சொன்னது?" என்றாள் மனைவி. நான் விடவில்லை. மினுக்கத்தில் பொன் தோற்றது.

காலை 4.40க்குப் புறப்பாடு. 880 கிலோமீற்றர், பெற்றோல் 118 டொலர். வழியில் குண்டகாயில் கோப்பி குடித்தபோது ஒரு லொறிக்காரன் என் ஓட்டத்தை மெச்சிக் கைகொடுத்தான், நம்புகிறவர்கள் நம்பலாம். 2.30க்கு ஹோம்புஷ்.

கிளாரிஸ் வளையலை வாங்கி மோந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. குறி பார்ப்பவர் சொல்லித்தான் இதை வார்ப்பார்களாம். பாம்பு காவல். அவள் தாய் ஆறு பிள்ளை பெற்றதும் இதைப் போட்டுத்தான். அந்த வியர்வையும் தடவிய எண்ணெயும் ஏறிய கறுப்பில்தான் காவலே இருந்ததாம்.

எங்கள் சாமி விளக்குக்குச் செய்வதைத்தான் செய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினேன் என்று கேட்டாள். வீணாக்காமல் கறிவேப்பிலை நிற்கும் சாடிக்குள் ஊற்றியதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் அம்மா அங்கே நிற்கிறா, அங்கிள். அந்த மரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு வளையலைக் கையில் ஏற்றினாள். அதன்மேல் எண்ணெய் தடவினாள்.

பத்தாம் நாள் பெண் பிள்ளை. இருவரும் சுகம்.

சிட்னிக்குக் காரில் போகிறவர்கள் விடியமுன் புறப்படுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை நில்லுங்கள். பழைய வெண்கலம் கொண்டுபோனால் உலர்ந்த துணியில் சுற்றினால் போதும். எது அழுக்கு என்பதை உடையவர் தீர்மானிக்கட்டும். எங்கள் சாடிக்கு இப்போது எமில்தான் தண்ணீர் ஊற்றுகிறார். கறிக்குக் கறிவேப்பிலை ஸ்பிரிங்வேல் கடையில் வாங்குகிறோம், ஒரு பிடி நாலு டொலர்.