தாடையால் கேட்கும் ஜாஸ்மின்

உங்கள் கைப்பேசி திடீரென்று ஊமையாகிவிட்டால் முதலில் யார்மேல் சந்தேகப்படுவீர்கள்? விற்ற கடைக்காரர் மேலா, தண்ணீரில் போட்ட பிள்ளை மேலா, அல்லது கண் வைத்த பக்கத்து வீட்டுக்காரி மேலா? நேர்மையாகச் சொல்லுங்கள். அரூரில் ஓர் உரக்கடையின் மாடியில் குடியிருக்கும் ஜாஸ்மின் ஒருவர்மேலும் சந்தேகப்படுவதில்லை. ஒருவரையும் நம்புவதும் இல்லை. ஒரு பழைய கைப்பேசியை இடது தாடையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பல்லு வலியாம்மா? கிராம்பு கொண்டாரட்டா?" என்று கீழிருந்து வீட்டுச் சொந்தக்காரர் தீர்த்தம்மாள் கேட்கிறார். இதே கேள்வியை அவர் வாரம் இரண்டு முறையாவது கேட்கிறார்.

பல் வலி இல்லை. கைப்பேசியிலிருந்து சத்தம் கிளம்பவே இல்லையா, கிளம்பியும் வெளியே கேட்கவில்லையா என்று கண்டுபிடிக்க ஜாஸ்மினுக்கு இதுதான் வழி. ஒலிபெருக்கி துளி அசைந்தாலும் தாடை எலும்புக்குத் தெரிந்துவிடுமாம். "காது ஏமாந்துரும்ங்க. எலும்பு ஏமாறாது" என்பார்.

செயலி எழுதுவது அவர் தொழில். ஆறு வருடம் பெங்களூரில் பிறருக்காக எழுதிவிட்டு, இப்போது ஊர் திரும்பித் தனியாக எழுதுகிறார். மேசைக்கு அடியில் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதில் பதினோரு பழைய கைப்பேசிகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் குணத்தை வைத்துப் பெயர். சத்தத்தை முழுதாக வைத்ததாகக் காட்டிவிட்டு முனகுவது 'நடிகன்'. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று செயலிகளையெல்லாம் தூங்கவைத்துவிடுவது 'சோம்பேறி'. எந்தப் புதுச் செயலியையும் இந்தப் பதினொன்றும் சேர்ந்து கத்திக் காட்டினால்தான் வெளியே விடுவார். ஒரு வேலை நடக்கவில்லை என்று யாராவது சத்தியம் செய்ய ஆரம்பித்தால் உடனே குறுக்கே விழுவார்: "சாமிய வுடுங்க, செட்டிங்ஸத் தொறங்க."

இப்போது அவர் பேர் சொல்லும் செயலி, குடிநீர்ச் செயலி. தீர்த்தமலைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கல்லுக்குழிப்பட்டி ஊராட்சிக்காக எழுதியது. தண்ணீர்த் தொட்டிக்காரர் பெரியண்ணன் ஒரு தெருவுக்கு வால்வைத் திருப்பியதும் தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அடுத்த நொடி அந்தத் தெருவின் கைப்பேசிகளெல்லாம் பெரியண்ணன் குரலிலேயே கூவும்: "தண்ணி வுட்டாச்சுங்கோ! கொடத்த எடுங்கோ!" எதிர்மலையில் மேயும் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

அந்தக் குரலை ஜாஸ்மின் ஒரு நாளைக்கு இருநூறு முறை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார். முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் தீர்த்தம்மாள் குடத்தோடு தெருக்குழாய்க்கு ஓடினார். இரண்டாவது வாரம் நிஜமாகவே தண்ணீர் வந்தபோது அசையவில்லை. "ஏம்மா ஜாஸ்மினு, உம் போனு கத்துனா இனி நான் எந்திரிக்க மாட்டேன். அந்தக் கொழா வந்து கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கல்லுக்குழிப்பட்டியில் மூன்று தெருக்கள். மேலத் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குத் தண்ணீர். நடுத் தெருவுக்கு எட்டு மணிக்கு. கீழத் தெருவுக்கு மட்டும் மீதி இருக்கும்போது, பெரியண்ணனுக்கு நேரம் கிடைக்கும்போது. ஒரு நாள் பத்து மணி, ஒரு நாள் மூன்று மணி. வந்தால் இருபது நிமிடம். ஏன் என்று கேட்டால் 'மேட்டுப் பாங்கு' என்பார்கள். கீழத் தெரு எப்படி மேடானது என்று நியூட்டனே வந்தாலும் விளக்க முடியாது. அந்தத் தெருப் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவர்கள். செயலி கூவினால் பத்துப் பேரில் ஒருத்தி ஓடிவந்து பத்து வீட்டுக் குடத்தையும் நிரப்பிவிட்டுத் திரும்பலாம். கூவாவிட்டால் வீட்டுக்கு ஒருத்தி வேலையை விட்டுவிட்டுக் குழாய்க்குக் காவல் இருக்க வேண்டும். ஜாஸ்மின் பிறந்ததும் வேறோர் ஊரின் கீழத் தெருவில்தான். அதனால்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

மேலத் தெருவில் கூவியது. நடுத் தெருவில் கூவியது. கீழத் தெருவின் நாற்பத்து மூன்று கைப்பேசிகளும் ஊமை. திரையில் மட்டும் சத்தமில்லாமல் ஒரு வரி வந்து போயிற்று. கிழங்கு பிடுங்குகிறவள் திரையைப் பார்த்துக்கொண்டா இருப்பாள்?

ஊராட்சிச் செயலர் முனிராஜ் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். "அவங்களுக்குப் போனு பாக்கத் தெரியாதுங்க மேடம். கத்துக் குடுத்தாலும் ஏறாது. வெள்ளிக்கெழம கூட்டத்துல கீழத் தெருவ ஆப்புல இருந்து எடுத்துரலாம்னு தீர்மானம் எழுதிட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஜாஸ்மின் தக்காளிப் பெட்டியைத் தன் மொபெட்டில் கட்டிக்கொண்டு கீழத் தெருவுக்கே போய் இறங்கினார். வேப்ப மரத்தடியில் கைப்பேசிகளை வரிசையாகப் பரப்பச் சொன்னார். ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். குறி பிசகாமல் ஒலிபெருக்கித் துளையின் மேலேயே.

"ஏங்க்கா, இங்கயா வைப்பீங்க?"

"போனுக்கு நெத்தி எங்க இருக்குதுன்னு எங்களுக்கு எப்பிடி பாப்பா தெரியும்?" என்றார் அமுதவல்லி. அந்தத் தெருவில் செயலியை முதலில் ஏற்றிக்கொண்டவர் அவர்.

மதியம்வரை ஊக்கால் சந்தனம் நோண்டினார் ஜாஸ்மின். பிறகு சட்டென்று எழுந்து மேலத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே சந்தனம் இதைவிடக் கனம், குங்குமம் இதைவிடப் பெரிது. ஆனாலும் சோதனை அறிவிப்பு அனுப்பியதும் கைப்பேசிகள் ஊரைக் கூட்டின. ஆக, சந்தனம் குற்றவாளி இல்லை. சத்தத்தின் அளவு, தொந்தரவு செய்யாதே என்கிற பொத்தான், பேட்டரிச் சேமிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் சரி. ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதே அறிவிப்பை அனுப்பித் தாடையில் வைத்துப் பார்த்தார். எலும்பில் அசைவே இல்லை.

"பாத்தீங்களா மேடம்? இவங்களுக்கு டச்சே வராதுங்க" என்றார் வேடிக்கை பார்க்க வந்த முனிராஜ்.

"ஏஞ் சார், தெனமும் பெங்களூர்ல இருக்கற எம் மவளோட வீடியோவுல பேசறேனே, அதுக்கு மட்டும் டச்சு வருதா?" என்றார் அமுதவல்லி. "போன மாசம் உங்க போனுல எழுத்து கண்ணுக்குத் தெரியலன்னு எங்கிட்டதானே குடுத்துப் பெருசாக்கிக்கினீங்க?"

முனிராஜ் மர உச்சியில் எதையோ பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணன் எங்கோ வால்வைத் திருப்பியிருக்க வேண்டும். மரத்தடியில் ஒரே ஒரு கைப்பேசி கூவியது: "தண்ணி வுட்டாச்சுங்கோ!" நாற்பத்து இரண்டு ஊமைகளுக்கு நடுவில் ஒரு தொண்டை. அமுதவல்லியின் நாத்தனார் சசிகலா அப்போதுதான் கிழங்குக் காட்டிலிருந்து கொண்டுவந்தது. பாதிப் பேர் குடத்துக்கு ஓடினார்கள். ஜாஸ்மின் சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இந்தப் போன் எப்ப வாங்குனது?"

"வுடுங்க, தண்ணி போயிரும்! பழசு கெணத்துல வுழுந்துருச்சு. நேத்துதான் இத வாங்கி உங்க ஆப்ப ஏத்துனேன்."

"மத்தவங்க எல்லாம்?"

"நாங்க மொத நாளே ஏத்திக்கினமே பாப்பா" என்றார் அமுதவல்லி. "முனிராஜ் சாரு நல்ல நேரம் பாத்து ஏத்தச் சொன்னாரே, அன்னிக்கு."

ஜாஸ்மின் சசிகலாவின் கையை விட்டார். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்று பெரியண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. குரல் பதியவில்லை. இரண்டு நாள் பொறுக்கலாம் என்று ஜாஸ்மின் சொல்லிப் பார்த்தார். "முகூர்த்தம் தாண்டிரும் மேடம். இப்ப ஏத்திடுங்க, சத்தத்த அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் முனிராஜ். மேலத் தெருக்காரர்களோ, புதுச் செயலியால் கைப்பேசி கெட்டுவிடும் என்று பயந்தார்கள். "மொதல்ல கீழத் தெருவுல போட்டுப் பாருங்க. கெட்டா அவங்களுது கெடட்டும்" என்றார்கள். இரண்டுக்கும் ஜாஸ்மின் தலையாட்டினார். ஊருக்கெல்லாம் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்கிறவர் அன்றைக்கு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

ஒரு செயலி முதல்முதலாக அறிவிப்பு அனுப்பும்போதே, அது சத்தத்தோடு வருமா இல்லாமல் வருமா என்று கைப்பேசி ஒரு வாய்க்காலை வெட்டி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு செயலி எழுதியவர் நூறு புதுப் பதிப்பு அனுப்பினாலும் அந்த வாய்க்காலில் சத்தத்தைச் சேர்க்க முடியாது. குரல் பதியும் முன்பே கீழத் தெருவில் வெட்டப்பட்டது ஊமை வாய்க்கால். பயம் தெளிந்து பிறகு ஏற்றிக்கொண்ட மற்ற இரண்டு தெருக்களுக்கும் குரல் வாய்க்கால். நல்ல நேரத்தில் ஏற்றியது ஊமை, நேரம் பார்க்காமல் ஏற்றியது பேசுகிறது. பஞ்சாங்கம் இதற்கு என்ன பரிகாரம் வைத்திருக்கிறதோ தெரியவில்லை. ஜாஸ்மினிடம் இருந்தது ஒன்றுதான்: பழைய வாய்க்காலைக் கைவிட்டு, புதுப் பெயரில் வேறொன்று வெட்ட வேண்டும்.

அன்று மாலையே பதினோரு கைப்பேசிகளிலும் பழைய பதிப்பை ஏற்றி அவற்றை ஊமையாக்கினார். பிறகு புது வாய்க்காலை வெட்டிப் பார்த்தார். பதினொன்றும் கூவின. 'நடிகன்' கூட. வியாழக்கிழமை புதுப் பதிப்பு கீழத் தெருவில் ஏறியது.

வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளியிருந்து நாற்பத்து மூன்று பெரியண்ணன்கள் ஒரே குரலில் கூவினார்கள். வால்வைத் திருப்பிவிட்டு வந்து, வாசலில் நின்றே பொத்தானை அழுத்திவிட்டுப் பீடியைப் பற்றவைக்கப் போன நிஜப் பெரியண்ணன், தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "அடேங்கப்பா, நானா இம்மாஞ் சத்தம் போடறேன்?" என்றார்.

கீழத் தெருவை நீக்கும் தீர்மானத்தை முனிராஜ் உடனே அடித்துவிட்டார். அதற்குக் கீழே மணிமணியான கையெழுத்தில் புதிதாக எழுதினார்: 'கீழத் தெரு மக்களுக்குக் கைப்பேசி பயன்படுத்தத் தெரியாத குறை, உரிய பயிற்சி அளித்து நிவர்த்தி செய்யப்பட்டது.'

ஜாஸ்மின் அதைத் தலைகீழாகவே படித்தார். "யாரு சார் பயிற்சி குடுத்தது?"

"எதாச்சும் காரணம் எழுதணும்ல மேடம். வேல முடிஞ்சுது, வுடுங்க."

ஜாஸ்மின் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். முனிராஜின் விரலிடுக்கிலிருந்து பேனாவை உருவினார்.

"மேடம், மேடம், அது கவர்மென்ட்டு நோட்டுங்க!"

"அதனாலதான் சார்" என்றபடியே 'கீழத் தெரு மக்களுக்கு' என்பதிலிருந்து 'தெரியாத குறை' வரை ஒரே கோடாக அடித்தார். மேலே, பள்ளிப் பிள்ளை போலப் பெரிய பெரிய எழுத்தில், 'செயலி எழுதியவர் செய்த பிழை' என்று எழுதி, 'உரிய பயிற்சி அளித்து' என்பதையும் அடித்து, ஓரத்தில் தன் முழுக் கையெழுத்தைப் போட்டார். மை காயும்வரை உள்ளங்கையால் விசிறிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊராட்சியிலும் இப்படியொரு பதிவேடு இருக்கும். அடுத்த கிராமசபைக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கி, யார் தலையில் என்ன குறை எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஒரு பேனாவும் எடுத்துப் போங்கள்.