நன்றியக்கா

சலவைக்கூடத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் நன்றியக்கா. கேலிக்குத்தான் வைத்தோம், ஒளிப்பானேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். நான் ஒரு முனையைக் கொடுத்தால் "நன்றி" என்பாள். அவள் கையிலிருந்து நான் வாங்கினாலும் "நன்றி". சலவைத் துணியை வாங்கிப்போக வரும் விருந்தினர் யாராவது நன்றி சொல்லிவிட்டால் போச்சு, தலையைக் குனிந்து "பரவாயில்லைங்க" என்பாள். நாளெல்லாம் இதைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"அக்கா, இன்னொரு தடவை சொன்னீங்க, இந்த விரிப்பாலயே வாயைக் கட்டிடுவேன்" என்றேன் ஒருநாள்.

"வாய் பழகிப்போச்சுடி, நான் என்ன பண்ண?" என்று சிரித்தாள்.

பழக்கிவிட்டது அவள் அண்ணன். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். அண்ணனுக்கு ஆபீசில் ஏதோ பயிற்சி வகுப்பு. தினமும் நன்றி சொல்லிப் பழகினால் மனசு லேசாகுமாம், நல்ல தூக்கம் வருமாம். மனுஷன் அதைத் தூக்கிக்கொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார். இனி தட்டில் கை வைக்கும் முன் ஆளுக்கு ஒரு நன்றி. முதல் நாள் அவர் தன் புதுச் செருப்புக்கு நன்றி சொன்னார். அண்ணி தன் ஜீரண சக்திக்குச் சொன்னாள். அக்காவின் முறை வந்தது. அன்று நல்ல காற்று. "காத்துக்கு நன்றி" என்றாள், பாவம்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "காத்துதான் உனக்குச் சாப்பாடு போடுதா?"

எல்லோரும் சிரித்தார்களாம். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று மடியில் இருந்த மகளும் சிரித்தாளாம். அன்றிலிருந்து மேசையில் அக்காவின் நன்றி அண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டுமே. அந்தச் சாப்பாட்டைச் சமைத்தது யார்? இவள்தான். அதற்கு ஒரு வாயாவது நன்றி சொன்னதா? மூச்! நீராவி இஸ்திரியில் இடது கை வெந்துபோன அன்று இவள் மேசையில் பேசாமல் இருந்தாள். "வலது கை தப்பிச்சுதே, அதுக்குச் சொல்லேன்" என்றாள் அண்ணி. சொன்னாள். சொல்லிவிட்டு, தப்பிய கையால் பாத்திரம் தேய்த்தாள்.

"எதுக்குக்கா இதையெல்லாம் சகிச்சுக்கிறீங்க?"

"பொண்ணு படிச்சு முடிக்கட்டும். வேலை கிடைச்சதும் நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ரூம் பாத்துக்குவோம். அங்க யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். கம்முனு சாப்பிடலாம்."

அந்த அறைக்காக ஒரு கெட்டில் வாங்கி, சலவைக்கூடத்து அலமாரியில் வைத்திருந்தாள். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அவ்வப்போது எடுத்துத் துடைப்பாள், பெட்டியைத்தான்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் வீட்டில் விருந்து, ஒத்தாசைக்கு என்னையும் அழைத்திருந்தாள். போனால், வாசலருகே மகளுடைய பெட்டிக்குப் பக்கத்தில் இவளுடைய துணிப்பை, கூடவே கெட்டில்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"பெத்த பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொல்லணுமா என்ன? அவளுக்கே தெரியும்" என்றாள் என் காதில். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை.

மேசையில் மகள் எழுந்தாள். "படிக்கவெச்ச மாமாவுக்கு நன்றி. வளத்த அத்தைக்கு நன்றி" என்றாள். அப்புறம் தண்ணீர்க் கூஜாவோடு நின்ற அக்காவைப் பார்த்தாள். "அம்மாவுக்கும். வீட்டு வேலையில அத்தைக்கு ரொம்ப உதவியா இருந்தாங்க. நான் அங்க ஃப்ரெண்ட்ஸோட தங்கிக்கிறேன். அம்மா இங்கயே இருக்கட்டும், அத்தையால தனியா சமாளிக்க முடியாது."

வழி சொன்னவருக்கு நன்றி சொல்வோம், கதவு திறந்துவிட்டவருக்குச் சொல்வோம். பெற்றவளுக்கு யாராவது சொல்வார்களா? "போம்மா" என்று எரிந்து விழுந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் வளர்ந்ததே அந்த மேசையில்தானே! யாருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி.

நான் ஓடிப்போய் அக்காவின் துணிப்பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். கெட்டிலைத் தள்ளுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"இது எனக்கா? ரொம்ப நன்றிம்மா!" என்று மகள் அதை எடுத்துக்கொண்டாள்.

அக்கா அந்தக் கெட்டில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சலவைக்கூடத்தில் செய்வதுபோலவே, தலையைக் குனிந்தாள்.

"பரவாயில்லைங்க" என்றாள், பெற்ற மகளைப் பார்த்து.

யாருக்கும் உறைக்கவில்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, இந்தப் பழக்கம் நம்ம வீட்டுல எப்படி ஊறிப்போச்சு!" என்றார் அண்ணியிடம்.