தாங்கும் சக்திக்கு முழு மதிப்பெண்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்தவுடன் அழாத பிள்ளை. உட்கார வைத்தால் சரிந்துவிடுவாள். முழங்கால்கள் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வந்தன. தினமும் நீட்டிப் பழக்காவிட்டால் மடங்கியபடியே நின்றுவிடும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். பழக்கிவிடத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரத்தநாடு வந்து, பஸ் மாறித் தஞ்சாவூர் போய்த் திரும்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனில் நலம் விசாரிப்பதோடு அவர் பங்கு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண் தாள்களோடு வந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்கு எவ்வளவு தாங்கும் சக்தி இருக்கிறது என்று அளக்கிறார்களாம். அரிசியா அளப்பதற்கு?

"இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லக்கா. மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பக்கத்திலேயே என் மாமியார் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடுகளில் யார் நலம் கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாவுக்கே, என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பற்றிக் குறைப்பட்டால் கொடுத்தவனையே குறை சொன்னதாகிவிடும். அன்று காலையில்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியில் அழுதவள் நான். அந்தப் பெண் கேட்க ஆரம்பித்ததும், பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது எனக்கு.

"இனிமே முடியாதுன்னு தோணுமாக்கா?"

"அப்படியெல்லாம் தோணாது. அல்லா பார்த்துக்கிறான்."

"பிள்ளைய நினைச்சு சலிப்பு?"

"பெத்த புள்ளம்மா. என்ன சலிப்பு?"

மாமியார் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பெண்ணுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த தெருவில் இதே போன்ற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, கால் நீட்டிப் பழக்க ஓர் அம்மா வாரம் மூன்று நாள் வருவதாகக் கேள்விப்பட்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பழக்க வந்தவளோடு அந்த ஆராய்ச்சிப் பெண்ணும் வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"தாங்க முடியாம இருக்கிற அம்மாக்களுக்குத்தான்கா முதல்ல. ஆள் பத்தல. அன்னைக்கு நீங்க சொன்ன பதிலுக்கு ரொம்ப நல்ல மார்க்" என்றாள். பாராட்டுகிற மாதிரிச் சிரிக்க வேறு செய்தாள்.

"ஒரே ஒரு தடவ திருப்பிக் கேளும்மா. இப்ப நெசத்தச் சொல்றேன்."

"அப்படிக் கேக்க முடியாதுக்கா. ஒருத்தருக்கு ஒரு தடவதான்."

நான் அந்தத் தெருவிலேயே நின்று கத்தினேன். செத்துவிடலாம் என்று எத்தனை நாள் நினைத்தேன் என்பதைச் சொன்னேன். வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. அவள் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பாயில் கிடத்தி, நானே அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். எப்படி அழுத்துவது, எதுவரை அழுத்துவது என்று எனக்கு என்ன தெரியும்? அவள் அலறினாள். நான் விடவில்லை. இன்னும் அலறினாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டாள். என் கையையே பார்த்தாள். பிறகு, அந்தக் காலைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளினாள்.