செருப்போட அடியைப் பாக்கணும்னு கேட்டவ

எனக்கு சந்தேக புத்தி ஜாஸ்தின்னு வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். யாராவது என் டிரஸ் நல்லாருக்குன்னு சொன்னா, இவளுக்கு இன்னா வேணும்னுதான் எனக்கு முதல்ல தோணும். பி.பி.ஏ. சேந்தப்புறம் அது இன்னும் முத்திப் போச்சு. மூணு வருஷமும், ஒருத்தன் மனசைக் கரைச்சு அவன் பர்ஸைத் தொறக்க வைக்கறது எப்படின்னுதான் பாடம் நடத்தினாங்க. அதைப் படிச்சுட்டு எவனை நம்பறது?

வீடு ஆம்பூர்ல, காலேஜ் வேலூர்ல. காலைல ரயில், காட்பாடியில எறங்கி டவுன் பஸ். அப்பா ஆம்பூர்ல ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில சாம்பிள் ரூம் சூப்பர்வைசர். ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் அனுப்பற டிசைனை முதமுதல்ல ஒரு ஜோடி செஞ்சு பாக்கற எடம் அது. அங்க அடுத்த வருஷம் கடைக்கு வரப்போற செருப்பு இங்க இந்த வருஷமே மேஜை மேல இருக்கும். அதனால கம்பெனி ஆளுங்களே எல்லாரும் உள்ள போயிட முடியாது. லேடீஸ் சாம்பிள் எல்லாம் முப்பத்தேழாம் சைஸ்ல செய்வாங்க. என் காலும் முப்பத்தேழு. கழிச்ச சாம்பிளை, வெளிய விக்க முடியாதபடி அடியில மெஷினால ஒரு ஓட்டை போட்டு வெச்சிருந்து, சீசன் முடிஞ்சப்புறம் அப்பா மாதிரி பழைய ஆளுங்களுக்குக் குடுப்பாங்க. அப்படித்தான் என் காலுக்கு மட்டும் ராஜயோகம் அடிச்சுது.

கடைசி வருஷம் என் பொறந்தநாளுக்கு அப்பா ஒரு ஜோடி கொண்டாந்தார். பழுப்புத் தோல், மீன்முள்ளு மாதிரி பின்னின வார். பக்கிள் சரியில்லன்னு பையர் திருப்பிட்ட சாம்பிள் அது. பக்கிளை மாத்தி அதே டிசைன் அடுத்த சீசனுக்குப் போகப்போவுது. "இப்பவே போடலாமாப்பா?"ன்னு கேட்டேன். "நீ காலேஜுக்குத்தான போற, அங்க யாரு உன் காலைப் பாக்கப்போறாங்க"ன்னு சிரிச்சார். ரூல் ரூல்னு உயிரை விடற மனுஷன். எனக்காக அந்த ஒரு தடவைதான் அதைத் தாண்டினார்.

அந்த வருஷம் மார்க்கெட்டிங் மேடம் ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கிட்டு, பைசா செலவில்லாம இன்டர்நெட்ல அதுக்குப் பேர் வாங்கிக் குடுக்கணும். அப்போ காலேஜ் பசங்க மொத்தப் பேரும் ஒரே தளத்துலதான் கெடந்தாங்க. ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் ஸ்கிராப்னு ரெண்டு வரி எழுதறது, நாலு பேரைச் சேத்து கம்யூனிட்டி ஆரம்பிக்கறது, இதான் வேலை. அதை இழுத்து மூடியே பல வருஷமாச்சு. எங்க குரூப் லீடர் வேலூர் பொண்ணு, லாங் பஜார்ல அவங்களுக்குப் பாத்திரக் கடை. பேசியே ஆளைக் கவுத்துடுவா. "ஆம்பூர்காரி நீ இருக்க, அப்புறம் இன்னா யோசனை? செருப்பே பண்ணலாம்டி"ன்னா. சரின்னு தலையாட்டினேன்.

ஒரு நாள் சாயந்தரம் கோட்டைப் புல்வெளியில உக்காந்திருந்தோம். அவங்க அண்ணன்கிட்டேருந்து கேமரா போன் வாங்கிட்டு வந்திருந்தா. "காலை நீட்டுடி, ஒரு போட்டோ. மூஞ்சி வராது, சார்ட்ல ஒட்டறதுக்கு"ன்னா. நீட்டினேன். அடுத்த வாரம் பாத்தா, ப்ராஜெக்ட்டுக்குன்னு அவ ஆரம்பிச்ச கம்யூனிட்டியில என் கால் கெடக்குது! 'ஆம்பூர் எக்ஸ்போர்ட் டிசைன், உலகத்துல வேற எங்கயும் கெடைக்காது'ன்னு மேல ஒரு வரி வேற.

"சார்ட்டுன்னுதானடி சொன்ன?"

"சார்ட்டை எவ பாக்கறா? இங்க பாரு, எத்தனை பேர் கேக்கறாங்கன்னு!"

கேட்டாங்கதான். சென்னைப் பொண்ணு ஒருத்தி, பெங்களூர் ஒருத்தி, கோயமுத்தூர் ஒருத்தி, மூஞ்சிக்குப் பதிலா ரோஜாப்பூ படம் வெச்ச ஒருத்தி, இன்னும் நாலஞ்சு பேர். 'வாவ்', 'எனக்கு ஒண்ணு வேணும் டியர்'னு ஒரே கொஞ்சல். எனக்கு அப்பவே மூக்கு வேத்துடுச்சு. முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தி காலைப் பாத்து இத்தனை பேரு உருகுவாங்களா? கவனிச்சுக்கிட்டே இருந்தேன். வேலூர்ல நாள் முழுக்க கரண்ட் இல்லாம பிரவுசிங் சென்டர் எல்லாம் மூடிக் கெடந்த அன்னிக்கு, பெங்களூர்க்காரியும் கோயமுத்தூர்க்காரியும் சேந்து வாயே தொறக்கல. நேராப் போய் லீடரைப் புடிச்சேன்.

அவ கொஞ்சம்கூட வெக்கப்படல. "ஆமாண்டி, எல்லாம் நான்தான். காலியா இருக்கற ஓட்டலுக்குள்ள எவனாவது சாப்பிடப் போவானா? முதல்ல நாலு பேரை நாமளே உக்கார வைக்கணும். இதான்டி மார்க்கெட்டிங்."

"அப்போ அந்த ரோஜாப்பூ படம் வெச்சிருக்கறவ?"

"அது மட்டும் சத்தியமா நான் இல்ல. அவ ஒருத்திதான்டி நெஜ கஸ்டமர்!" சொல்லும்போது அவ மூஞ்சியில அவ்ளோ பெருமை.

அந்த ரோஜாப்பூ எழுதியிருந்ததை மறுபடி படிச்சேன். 'அழகான சாண்டல். அடிப்பக்கம் ஒரு போட்டோ போட முடியுமா?' செருப்பு வாங்கறவ விலை கேப்பா, கலர் கேப்பா, ஹீல் ஒசரம் கேப்பா. அடியைக் காட்டுன்னு எவ கேப்பா? செருப்பு செய்யறவன்தான் கேப்பான். எங்க அப்பா எந்தக் கடைக்குள்ள போனாலும் முதல்ல செருப்பைக் கவுத்துத்தான் பாப்பார். அடியில ஓட்டை இருந்தா அது சாம்பிள்னு இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். சீசனுக்கு முன்னாடி சாம்பிள் வெளிய வந்திருக்குன்னா, யார் கொண்டு வந்தான்னுதான் அடுத்த கேள்வி. அப்பா வேலை போயிடும்.

லீடர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். போட்டோவை எடுத்துடுன்னு கெஞ்சினேன், கத்தினேன். "நீ எல்லாத்தையும் சந்தேகப்படுவ. பாவம், ஏதோ ஒரு பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா. வைவா முடியட்டும், எடுத்துடறேன்"னு முதுகைத் தட்டினா. பாஸ்வேர்டு அவகிட்ட. நான் இன்னா செய்யறது?

மறுநாளிலேருந்து அந்தச் செருப்பைத் தொடக் கூடாதுன்னு நெனைச்சேன். ஆனா அன்னிக்கு அது என் கால்லதான் இருந்துச்சு. மத்தியானம் கம்ப்யூட்டர் லேப். ஏசி ரூம், தூசி வரக் கூடாதுன்னு எல்லாரும் செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் போகணும். நடுவுல லீடர் தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து போனா. லேப் முடிஞ்சு வந்து பாத்தா, நான் ஜோடியா விட்ட செருப்புல ஒண்ணு கவுந்து கெடந்துச்சு. சாயந்தரம் ஆம்பூர்ல எறங்கி வீட்டுக்குக்கூடப் போகாம பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். செருப்போட அடி, நட்டநடுவுல ஓட்டை, பளிச்சுன்னு. கீழ ரோஜாப்பூ, 'தேங்க்ஸ் டியர்'னு எழுதியிருந்தா. ரெண்டு நாள் கழிச்சுத் தேடினா அந்தப் பேர்ல ஆளே இல்ல.

ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு பாத்தேன். அவர் கேட்டது ஒண்ணுதான்.

"ஓட்டை தெரியுதா?"

"தெரியுதுப்பா."

சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டே சொன்னார். "நானே போய்ச் சொல்லிடறேன். அவங்களா கண்டுபுடிச்சா வேற மாதிரி ஆயிடும்."

"வேணாம்பா. யாரும் பாக்காமக்கூடப் போயிடலாம். நீங்களா எதுக்குப் போய் மாட்டிக்கறீங்க?"

"இத்தனை வருஷம் என்னைப் பாத்திருக்காங்கமா. சொன்னா புரிஞ்சுக்குவாங்க"ன்னார். சந்தேகப்படவே தெரியாத மனுஷனுக்குப் பொறந்தவ நான்.

திங்கக்கெழமை போனார். இவர் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே மேனேஜர் டிராயர்லேருந்து என் கால் போட்டோவை எடுத்து மேஜை மேல வெச்சாராம். அடிப்பக்கம் போட்டோவும் இருந்துச்சாம். "நீங்களா வருவீங்களான்னுதான் காத்துட்டு இருந்தேன்"னாராம். என் பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட் சார்னு அப்பா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கார். அவர் கேட்டுட்டு, "கதை நல்லாருக்கு. எந்தக் கம்பெனிக்குக் குடுத்தீங்க?"ன்னு கேட்டாராம். அதுக்கு அப்பா எதைச் சொல்லுவார்? நடந்த நெஜத்தைத்தான் ஏற்கெனவே சொல்லியாச்சே.

வேலையை விட்டு அனுப்பல. சாம்பிள் ரூம்லேருந்து எடுத்து பேக்கிங்ல போட்டாங்க. அட்டைப் பொட்டியில ஷூவை வெச்சு மூடற எடம்.

அந்த ரோஜாப்பூ யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மேனேஜரே உக்காந்து டைப் பண்ணாரா, சென்னையில இருக்கற பையரோட ஏஜென்ட்டா, ராணிப்பேட்டைப் பக்கம் எவனாவது போட்டிக்காரனா? அப்பாகூட தினம் டீ குடிச்ச எவனோ ஒருத்தன்னுகூட நெனைச்சிருக்கேன். லீடர் விஷயம் கேள்விப்பட்டு, கம்யூனிட்டியையே அழிச்சுட்டு, "எனக்கு இன்னாடி தெரியும், மன்னிச்சுடு"ன்னு என் தோள்ல சாஞ்சு அழுதா. அந்த அழுகையையும் நான் நம்பல. அழிக்கறதுக்கு முன்னாடி அவ எடுத்து வெச்ச பிரிண்ட்டைக் காட்டி ப்ராஜெக்ட்ல எங்க குரூப்தான் ஃபர்ஸ்ட். ஊர் பேர் தெரியாத ஒரு கஸ்டமரைப் பேச வெச்சிருக்காங்கன்னு மேடம் கிளாஸையே கைதட்டச் சொன்னாங்க. நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒரு நாள் எனக்கு மத்தியானத்தோட காலேஜ் விட்டாச்சு. சீக்கிரம் வந்ததால கம்பெனி கேட்டைத் தாண்டி நடக்கும்போது ஷிப்ட் விட்டு ஆளுங்க வெளிய வந்துட்டிருந்தாங்க. சாம்பிள் ரூம் சூப்பர்வைசரை வாட்ச்மேன் எந்தக் காலத்துலயும் நிறுத்தினதில்ல, எழுந்து வணக்கம் வெப்பார். இப்போ அப்பா எல்லாரோடயும் செக்கிங் வரிசையில நின்னார். அவர் முறை வந்ததும் பையிலேருந்து டிபன் பாக்ஸை எடுத்து, மூடியைத் தொறந்து, உள்ள ஒண்ணுமில்லன்னு சாய்ச்சுக் காட்டினார். வாட்ச்மேன் அவர் மூஞ்சியைப் பாக்கல. அப்பா என்னைப் பாக்கல. நான் எதிர்ல இருந்த மளிகைக் கடைக்குள்ள பூந்துட்டேன்.

அடுத்த வாரம் அம்மாகிட்ட, "இனிமே சோறு கட்டாத. கேன்டீன்ல இப்பல்லாம் நல்லா போடறாங்க"ன்னு சொன்னார். காலைல ஒரு வேலை கம்மியாச்சேன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அப்படியே நம்பிட்டாங்க. நான் பாத்ரூமுக்குள்ள போய் குழாயைத் தொறந்து விட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். வர்றதே ஒரு வேளைத் தண்ணி, யாரு உள்ள இப்படி வீணாக்கறதுன்னு அம்மா வெளிய கத்திட்டு இருந்தாங்க.