செபமேடையில் நின்ற ஜனாதிபதி

அருமைநாதனைக் கடல்கடந்து வந்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் குடியேறிய மன்னார்க்காரர் எல்லோருக்கும் தெரியும். பாண் சுடும் தொழிற்சாலையில் பதினாறு வருட வேலை, ஞாயிறு தவறாத பூசை, எவரைப் பற்றியும் இரண்டே தீர்ப்பு: நல்லவன், இல்லையென்றால் கெட்டவன். நடுவில் ஒருவரையும் நிற்க விடமாட்டார். அப்படியொரு மனிதர்!

அவர் வீட்டுச் செபமேடையில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் கெனடி நின்றார். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி சுடப்பட்ட வருடம், அருமைநாதனின் அப்பா சொந்த ஊரான பேசாலையில் சட்டம் போட்டு வைத்த படம். அன்றிலிருந்து குடும்பச் செபமாலையெல்லாம் கெனடிக்கு முன்னால்தான். தொண்ணூறில் போருக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்கு ஓடியபோதும் அருமைநாதன் படத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். படகை ஓட்டியவர் அண்ணன் வலன்ரைன். நடுக்கடலில் நேவியின் வெளிச்சம் தெரிந்தபோது இயந்திரத்தை நிறுத்தி, பதினேழு பேரையும் மூச்சுக்காட்டாமல் வைத்திருந்து கரை சேர்த்தவரும் அவரே.

வலன்ரைனின் படமோ மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன் மனைவியை விட்டுவிட்டு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் வேறொருத்தியோடு குடியேறினார். அன்றே அருமைநாதன் அண்ணனைத் தலைமுழுகிவிட்டார்.

2008 மே மாதம் மகள் மெலனிக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல். "அண்ணையைக் கூப்பிடுங்கோவன்" என்று மனைவி றோஸ்மேரி எத்தனை தரம் கெஞ்சியும், ஒரு அழைப்பு அட்டை மட்டும் பெயர் எழுதாமல் கிடந்தது.

அந்தக் கிழமைதான் மெலனி பள்ளிக்கூடத்திலிருந்து வெடிகுண்டோடு வந்தாள்.

"பப்பா, அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தருக்கு மார்க்ஸ் போடச் சொன்னவை. நான் கெனடியை எடுத்தனான். தலைமைக்குப் பத்துக்கு ஒன்பது, குணத்துக்கு மூண்டு."

"மூண்டோ? உனக்கென்ன விசரோ?"

"மனுசிக்குத் தெரியாமல் வேற பொம்பிளையள் இருந்தவையாம். புத்தகங்களில கிடக்கு."

அருமைநாதன் செபமேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"பேந்து ஏன் தலைமைக்கு ஒன்பது?"

"அணுகுண்டு யுத்தம் வரப் பாத்தது. அவர் பதறேல்லை."

"ஜனாதிபதியளுக்குள்ள மனுசியோட ஒழுங்கா இருந்தவை ஒருத்தருமில்லையோ?"

"நிக்சன். அவரில அப்பிடிக் கதையில்லை. ஆனா நாட்டுக்குப் பொய் சொல்லிப் பதவியை விட்டவர்."

நல்லவன் எவன், கெட்டவன் எவன்? மெலனி விட்டாளா?

"கெனடி மேல நிக்கிறார். பெரியப்பா ஏன் லாச்சிக்குள்ள?"

அருமைநாதன் கெனடியை இறக்கினார், திரும்ப வைத்தார், மறுபடியும் இறக்கினார்.

"என்னப்பா, படத்தோட மல்லுக்கட்டுறியள்?" என்றாள் றோஸ்மேரி.

படத்தை மடியில் வைத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். ஆறு வருடமாகச் சேர்த்த ஏச்செல்லாம் நாக்கு நுனியில் நின்றது. வந்ததோ வேறு.

"அண்ணை, கெனடிக்கு நீங்கள் எத்தினை மார்க்ஸ் குடுப்பியள்?"

மறுமுனையில் அண்ணன் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"விசரா, இதைக் கேக்கவோ எடுத்தனி?" வலன்ரைனின் குரல் உடைந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மெலனிக்கு உறுதிப்பூசுதல். வாங்கோ."

"நான் தனியவோ, அவளோட ரெண்டுபேருமோ?"

அருமைநாதன் கெனடியைப் பார்த்தார். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார், கொஞ்சமும் உதவவில்லை.

"ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு எனக்கு விளங்கேல்லை அண்ணை, சத்தியமா விளங்கேல்லை," என்று அருமைநாதன் அழத் தொடங்கினார். "நீங்கள் வாங்கோ."